ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: வரவும் கொடையும் ஒரே ஏட்டில்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகக் கணக்கு எழுதியே வயது போன எனக்கு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது ஒரே விதமான வேண்டுகோள் வருகிறது. கம்பம், உத்தமபாளையம், குமுளி பக்கத்திலிருந்து வணிகவியல் படிக்கும் பிள்ளைகள், வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவரின் தொழிலையும் கொடையையும் பற்றி எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து திருத்தித் தரச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகைதான். ஒன்றில் அந்த மனிதர் ஏழ்மையில் பிறந்து, உழைத்து உயர்ந்து, குழந்தைகளுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளலாக இருப்பார். மற்றதில் நிறுவனங்களைக் கடித்துத் துப்பும் சூதாடியாக இருப்பார். இரண்டு வகைக் கட்டுரையிலும் கணக்கு இருக்காது என்பதுதான் என் மனக்குறை. வரவு ஒரு நோட்டிலும் தர்மம் இன்னொரு நோட்டிலும் எழுதும் வியாபாரியின் உண்மை நிலை எப்படி யாருக்கும் தெரியாதோ, அப்படித்தான் இந்த வாழ்க்கைக் குறிப்புகளும் நம்மை ஏமாற்றுகின்றன. இரண்டையும் ஒரே ஏட்டில், இடப்பக்கம் தொழிலும் வலப்பக்கம் கொடையுமாக, ஒரே தேதி வரிசையில் எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக, லண்டனில் இருக்கும் கிறிஸ் ஹோன் என்பவரை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய தொழிலும் கொடையும் இரண்டுமே இந்தியாவைத் தொட்டவை என்பதால் நமக்குச் சோதித்துப் பார்க்க வசதியானவர்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் எதைச் செய்து சம்பாதித்தார் என்று தெரியாமல் அவர் வாழ்க்கையை எழுத முடியாது. "பங்குச் சந்தையில் முதலீடு செய்து கோடீஸ்வரரானார்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்ட கட்டுரைகளை நான் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஹெட்ஜ் என்றால் வேலி. 1949-இல் நியூயார்க்கில், சமூகவியல் படித்துப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர், தம்முடைய 40,000 டாலரையும் சேர்த்து 1,00,000 டாலரில் ஒரு நிதியைத் தொடங்கினார். நல்லது என்று நினைத்த பங்குகளை வாங்கி வைப்பதும், விலை மிகுந்துவிட்டது என்று நினைத்த பங்குகளைக் கடனாக வாங்கி விற்பதும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதும் அவருடைய முறை. இதை நம் சரக்கில் வைத்துப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

தரமான லாட் ஒன்று கிலோ 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைவிட மட்டமான இன்னொரு லாட், யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால் 3,000 ரூபாய்க்குப் போகிறது. நீங்கள் முதல் லாட்டில் 100 கிலோ வாங்கி வைக்கிறீர்கள். இரண்டாவது வகையில் 100 கிலோவை ஒருவரிடம் கைமாற்றாக வாங்கி, திருப்பித் தருவதாகச் சொல்லி, இன்றைக்கே விற்றுவிடுகிறீர்கள். சந்தை விழுந்து நல்ல காய் 2,100-க்கும் மட்டக் காய் 2,000-க்கும் வந்தால், முதலாவதில் 40,000 ரூபாய் நட்டம். இரண்டாவதைக் குறைந்த விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுப்பதில் 1,00,000 ரூபாய் லாபம். சந்தை ஏறி நல்ல காய் 3,300-க்கும் மட்டக் காய் 3,500-க்கும் போனால், முதலாவதில் 80,000 லாபம், இரண்டாவதில் 50,000 நட்டம். எந்தப் பக்கம் போனாலும் கையில் ஏதோ நிற்கிறது; ஆனால் நல்ல காய் எது, மட்டக் காய் எது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரியாக இருந்தால் மட்டுமே நிற்கிறது. காயைப் பிரித்தறியத் தெரியாதவருக்கு இந்த வேலியே இரட்டை நட்டத்தைக் கொடுக்கும்.

நான் சேர்ந்த புதிதில், எங்கள் கடையில் தரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். மாதிரிக் காயைத் தட்டில் பரப்பி, பச்சை நிறத்தையும் பருமனையும் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, அவர் மட்டும் ஓர் ஓரத்துக் காயை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறி, உள்ளே அரிசி, அதாவது விதை, கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, காய்ந்து பழுப்பாக உதிர்கிறதா என்று பார்ப்பார். "தோலுக்கு எவனும் வெல சொல்லுவான் தம்பி, அரிசியப் பாரு" என்பார். ஏலம் கணினிக்கு மாறிய பிறகும் மாதிரியைக் கீறிப் பார்க்காமல் பட்டனைத் தொடும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், மூன்றே ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைக் கண்ட ஊர் இது. விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தூரத்தை இங்கே யாருக்கும் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

அடுத்து, நிதியை நடத்துபவருக்குக் கூலி எப்படி என்று எழுதுங்கள். ஜோன்ஸ் லாபத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொண்டார். பின்னாளில், மொத்தப் பணத்தில் ஆண்டுக்கு 2 சதவீதமும் லாபத்தில் 20 சதவீதமும் என்பது இந்தத் தொழிலின் வழக்கமான கூலியாயிற்று. நிறுவனரின் சொத்து பெருகுவது முதன்மையாக இந்த வழியாகத்தான். பிறர் பணம் பெருகும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு வருகிறது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் கொடையைச் சொன்னால், பணம் வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் ஹெட்ஜ் ஃபண்ட் வகை நிதிகள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளில் மூன்றாம் பிரிவில் வருகின்றன; பொதுவாக ஒருவர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஒரு கோடி ரூபாய். சீட்டுப் பிடிப்பவர்களும், கேரளத்தில் குறி என்று சொல்லும் அதே சீட்டை நடத்துபவர்களும் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில், ஐம்பதாயிரம் கொடுத்தால் ஹெட்ஜ் ஃபண்டில் சேர்த்துவிடுகிறேன் என்று எவராவது வந்தால், அவர் ஏமாற்றுகிறார் என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி.

பெயர்களைப் பிரித்து எழுதுங்கள்

ஹோன் 1966-இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜமைக்காவிலிருந்து குடியேறிய கார் மெக்கானிக். தாய் வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலராக இருந்தவர். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்து, 1993-இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, பெரி கேப்பிட்டல் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டுக்காக லண்டனில் பணியாற்றினார். இளமைப் பருவத்துக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க வேண்டாம். மாணவர்கள் பாதிக் கட்டுரையை இதிலேயே செலவழித்துவிட்டு, கடைசியில் தொழிலுக்கு இடமில்லாமல் தவிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2002-இல் ஹோனும் அப்போது அவருடைய மனைவியாக இருந்த ஜேமி கூப்பரும் குழந்தைகள் முதலீட்டு நிதி அறக்கட்டளை என்ற பொருள்படும் சிஃப் அமைப்பைத் தொடங்கினார்கள். 2003-இல் ஹோன் டி.சி.ஐ. என்ற ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கினார். அதன் முழுப் பெயரும் குழந்தைகள் முதலீட்டு நிதி என்றே பொருள்படும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால், அந்த ஹெட்ஜ் ஃபண்டே ஒரு தர்ம ஸ்தாபனம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல. டி.சி.ஐ. முதலீட்டாளர்களுக்காகச் சம்பாதிக்கும் நிதி. சிஃப், இங்கிலாந்தின் அறநிலைய ஆணையத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை. இரண்டையும் தொடக்கத்தில் இணைத்தது ஓர் ஒப்பந்தம்: நிதியின் மொத்தப் பணத்தில் ஆண்டுக்கு அரைச் சதவீதம் அறக்கட்டளைக்குப் போகும், லாபம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதலாகப் போகும்.

இந்த ஏற்பாட்டை விளக்க நீங்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இந்த மனிதரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். செல்வந்தர் பலர் முதலில் சேர்த்து, முதுமையில் கொடுப்பார்கள். இங்கே கொடை, கூலி விதியின் உள்ளேயே எழுதப்பட்டது. மகமை என்று நம் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துவைத்த பழக்கத்துக்கு நெருக்கமானது. மகமையில் கொடுப்பவரின் மனநிலைக்கு இடமில்லை. சரக்கு நகர்ந்தால் பணம் நகரும். ஆனால் நிதியும் அறக்கட்டளையும் பிற்பாடு தனித்தனியாக்கப்பட்டு, அந்தக் கட்டாய இணைப்பு முடிவுக்கு வந்தது என்பதையும் அதே பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். முதல் பாதியை மட்டும் எழுதி நிறுத்துவது, வரவை எழுதிவிட்டுப் பாக்கியை மறைப்பதற்குச் சமம்.

சண்டைகளை இரு தரப்பிலிருந்தும் எழுதுங்கள்

டி.சி.ஐ. பங்குகளை வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் நிதியல்ல. சிறிய பங்கை வைத்துக்கொண்டு பெரிய நிர்வாகத்தை அசைப்பது அதன் பெயர்பெற்ற முறை. 2005-இல், லண்டன் பங்குச் சந்தையை வாங்கப் புறப்பட்ட, ஜெர்மனியின் பங்குச் சந்தையை நடத்தும் டாய்ச்ச பூர்ஸ நிறுவனத்தை, அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடு என்று எதிர்த்தது. முயற்சி கைவிடப்பட்டது, தலைமை நிர்வாகி வெர்னர் சைஃபெர்ட் பதவியை விட்டுப் போனார். அதே ஆண்டில்தான் ஜெர்மன் அரசியல்வாதி ஃபிரான்ட்ஸ் முன்டெஃபெரிங் இத்தகைய நிதிகளை வெட்டுக்கிளிகள் என்றார். 2007-இல் நெதர்லாந்தின் ஏ.பி.என். அம்ரோ வங்கிக்கு, பங்கின் விலை உயரவில்லை, வங்கியைப் பிரித்தோ முழுதாகவோ விற்றுவிடுங்கள் என்று கடிதம் எழுதியது. அந்த ஆண்டு இறுதிக்குள் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து உள்ளிட்ட மூன்று வங்கிகள் சேர்ந்து ஏறக்குறைய 7,100 கோடி யூரோவுக்கு அதை வாங்கின. அடுத்த ஆண்டே ராயல் பாங்கை இங்கிலாந்து அரசு மக்கள் பணத்தைக் கொட்டிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. விற்கச் சொன்னவரையே குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஆனாலும், விற்றவர் லாபத்தோடு போக வாங்கியவர் மூழ்கினார் என்ற வரிசையை உங்கள் ஏடு காட்ட வேண்டும்.

2008-இல் ஜப்பானின் ஜே-பவர் என்ற மின் நிறுவனத்தில் தன் பங்கை 9.9 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்க முயன்றபோது அந்நாட்டு அரசு தடுத்துவிட்டது. அதே ஆண்டின் உலக நெருக்கடியில் நிதியின் மதிப்பு நாற்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. புகழுரைகளில் இந்த ஆண்டு காணாமல் போய்விடும், கட்டாயம் எழுதுங்கள்.

நம் வாசகருக்கு மிக முக்கியமான சண்டை, அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவோடு நடந்தது. 2010-இல் அரசு அந்நிறுவனத்தின் பத்து சதவீதப் பங்கைப் பொதுமக்களுக்கு விற்றபோது, டி.சி.ஐ. வாங்கி ஏறக்குறைய ஒரு சதவீதம் வைத்திருந்தது. 2012-இல் நிறுவனத்தின் இயக்குநர்கள் மீதே வழக்குத் தொடுத்தது. அதன் வாதம், அரசின் அழுத்தத்துக்குப் பணிந்து நிலக்கரியைச் சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்பது, பங்கு வாங்கிய சிறுபான்மையினருக்குச் செய்யும் அநீதி என்பது. அதே ஆண்டில்தான், மின் நிலையங்களுக்கு நிலக்கரி வழங்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும்படி குடியரசுத் தலைவரின் பெயரால் கோல் இந்தியாவுக்கு ஆணை போயிற்று. அரசுத் தரப்பின் நியாயம், நிலக்கரி விலை ஏறினால் மின்கட்டணம் ஏறும், அதைச் சுமப்பது சாதாரணக் குடும்பங்கள் என்பது.

இந்த இடத்தில் மாணவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சாய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாய்வதற்கு முன் இரு தரப்பையும் அவரவர் தாமே ஒப்புக்கொள்ளும் வடிவில் எழுதிவிடுங்கள். என் எண்ணத்தைக் கேட்டால், பங்கை ஊரறிய விற்றுப் பணம் வாங்கிய பிறகு, பங்குதாரரின் கேள்வியை அந்நியன் கேட்டான் என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், பெரும்பங்கு அரசிடம் இருக்கும் நிறுவனம் என்று தெரிந்தே வாங்கியவர், அரசு குறுக்கிடுகிறது என்று பின்னால் வியப்பதும் கொஞ்சம் அதிகம். டி.சி.ஐ. பின்னர் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது.

இப்போது ஏட்டின் பயனைப் பாருங்கள். இடப்பக்கத்தில் 2010 கோல் இந்தியா பங்கு வாங்கியது, 2012 நிலக்கரி விலையை உயர்த்தக் கோரி வழக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வலப்பக்கத்தில் 2019-இல் ஹோன், நிறுவனங்கள் தங்கள் கரிம உமிழ்வை வெளியிட வேண்டும் என்று கடிதங்கள் எழுதியதும், பருவநிலைப் போராட்ட இயக்கத்துக்குப் பணம் கொடுத்ததும், 2020-இல் நிறுவனங்களின் பருவநிலைத் திட்டத்தைப் பங்குதாரர் வாக்குக்கு விட வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியதும் வருகின்றன. இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கும்போது எழும் கேள்வியை நீங்கள் கிளப்ப வேண்டியதே இல்லை, வாசகரே கேட்டுவிடுவார். மனம் மாறினாரா, சந்தை மாறியதா என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாமல், ஏழெட்டு ஆண்டு இடைவெளியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கொடையில் எதை அளந்தார்கள் என்று பாருங்கள்

"இத்தனை கோடி கொடுத்தார்" என்பது பாதிச் செய்தி. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் நன்கொடையாக வந்தது. கொடுத்தவரின் பெயர் பளிங்கில் பொறிக்கப்பட்டது. திறப்பு விழாப் படத்தில் நானும் ஓரமாக நிற்கிறேன். வடிகட்டியை மாற்ற ஆண்டுக்கு யார் பணம் தருவது என்று எவரும் கேட்கவில்லை. இரண்டாம் கோடையில் இயந்திரம் நின்றது; பிள்ளைகள் பழைய குழாயடிக்கே போனார்கள். பளிங்கு மட்டும் இன்றும் பளபளப்பாக இருக்கிறது. கொடுத்த தொகையைச் சரியாகப் பதிவு செய்த கணக்குப்பிள்ளை நான்தான் என்பதால், இந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

சிஃப் ஈடுபட்ட ராஜஸ்தான் திட்டத்தை இதற்கு எதிரில் வைத்துப் பாருங்கள். பில்வாரா மாவட்டத்தில், பள்ளிக்குப் போகாத பெண் குழந்தைகளைச் சேர்ப்பதற்கும், வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எழுத்து, கணக்குத் திறனை உயர்த்துவதற்கும் எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2015 முதல் 2018 வரை வேலை செய்தது. வேலைக்கான முன்பணமாக ஏறக்குறைய 2,70,000 டாலரை யு.பி.எஸ். வங்கியின் அறக்கட்டளை போட்டது. ஐ.டி.இன்சைட் என்ற தனி அமைப்பு, திட்டம் நடந்த கிராமங்களையும் நடக்காத கிராமங்களையும் ஒப்பிட்டுத் தேர்வு வைத்து அளந்தது. குறித்த இலக்கை எட்டினால் மட்டும் முன்பணம் போட்டவருக்கு முதலையும் அதற்கு மேலான தொகையையும் சிஃப் கொடுக்கும். பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு கற்றல் முன்னேற்றத்துக்கும், ஒரு பங்கு சேர்க்கைக்கும் கட்டப்பட்டிருந்தது. பிள்ளையை வருகைப் பதிவேட்டில் சேர்ப்பது எளிது, படிக்க வைப்பதுதான் கடினம் என்று தெரிந்தவர்கள் போட்ட பங்கு இது.

இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் பாதியளவே வந்திருந்தது. கற்பிக்கும் முறையை மாற்றினார்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தனித்தனிக் குழுவாக்கினார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கற்றலில் இலக்கின் 160 சதவீதமும் சேர்க்கையில் 116 சதவீதமும் எட்டப்பட்டன. முன்பணம் போட்டவர் ஆண்டுக்கு 15 சதவீத ஆதாயத்தோடு பணத்தைத் திரும்பப் பெற்றார். இந்த எண்களை எழுதும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். பயன்பெற்றவர்கள் ஏறக்குறைய 7,300 பிள்ளைகள். ஒரு மாவட்டத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான். இவ்வளவு சிறிய திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதவும் அளக்கவும் ஆன உழைப்பு தகுமா என்ற கேள்வியும் நியாயமானது. நான் தகும் என்பேன். இரண்டாம் ஆண்டில் அளவுகோல் இல்லாதிருந்தால், மூன்றாம் ஆண்டிலும் பழைய முறையே ஓடியிருக்கும்.

கதைகளைக் கீறிப் பாருங்கள்

கொடையாளியைச் சுற்றிக் கதை வளர்வது இயல்பு. நமக்கே ஓர் எடுத்துக்காட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் முடித்த ஜான் பென்னிகுவிக், பணம் தீர்ந்தபோது இங்கிலாந்தில் தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கும் விவசாயியிடம் இதைக் கேள்வி கேட்பது எளிதல்ல, நானும் கேட்பதில்லை. ஆனால் எழுதும்போது, 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டு, அணைக்குச் செலவழித்தது சென்னை மாகாண அரசு என்ற பதிவைத்தான் நான் வைத்துக்கொள்வேன். வெள்ளத்தில் கட்டியது போக மறுபடி கட்டிய அந்தப் பொறியாளருக்கு நன்றி சொல்ல, சொத்து விற்ற கதை தேவையுமில்லை.

நிதி நிறுவனரைப் பற்றிய கதைகளையும் இப்படியே நடத்துங்கள். அவர் தாமே பேட்டியில் சொன்னதை "சொல்கிறார்" என்று எழுதுங்கள். தணிக்கை செய்த கணக்கில் இருப்பதை "கொடுத்தார்" என்று எழுதுங்கள். இந்த ஒரு வினைச்சொல் வேறுபாடு கட்டுரையைக் காப்பாற்றும். கணக்குகள் கிடைக்கும் இடங்கள் திறந்தே இருக்கின்றன. இங்கிலாந்து அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கும். நிறுவனங்களின் கணக்கு கம்பெனிகள் பதிவகத்தில் கிடைக்கும். அமெரிக்கப் பங்குகளில் பத்துக் கோடி டாலருக்கு மேல் நிர்வகிக்கும் நிதிகள், காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் எந்தெந்தப் பங்கு கையில் இருக்கிறது என்று அங்குள்ள பங்குச் சந்தை ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் கடனாக வாங்கி விற்ற பங்குகள் வராது என்பதை மறக்க வேண்டாம். இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும்; 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த ஆவணம் நீதிமன்றத் தீர்ப்பு. ஹோன், கூப்பர் மணமுறிவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய பரபரப்பு நமக்கு வேண்டாம். அதில் அறக்கட்டளையைத் தொடும் பகுதி மட்டும் வேண்டும். இருவரும் ஒரே அறக்கட்டளையின் நிர்வாகத்தில் தொடர முடியாத நிலையில், கூப்பர் விலகிக்கொள்வதென்றும், அவர் தொடங்கிய வேறோர் அறக்கட்டளைக்கு சிஃப் 36 கோடி டாலர் மானியமாகத் தருவதென்றும் ஏற்பாடாயிற்று. இருவருமே சம்பந்தப்பட்டவர்கள் என்பதால், மிஞ்சிய ஒரே ஓர் உறுப்பினரின் வாக்கில் வந்து நின்றது விவகாரம். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், அறக்கட்டளையின் உறுப்பினரும் அதன் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டவரே, தன் விருப்பப்படி வாக்களிக்க முடியாது என்று சொல்லி, மானியத்துக்கு ஆதரவாக வாக்களிக்க உத்தரவிட்டது. 400 கோடி டாலருக்கும் மேல் சொத்துள்ள ஓர் அமைப்பில் கொடுத்தவரின் கை எங்கே முடிகிறது, தர்மத்தின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புகழுரையும் சொல்லாது. நம் ஊரில் அன்னதான டிரஸ்டு நடத்தி, அண்ணன் தம்பிக்குள் பிணக்கு வந்தால் பாத்திரத்தைப் பங்கு போட்டுக்கொள்பவர்களுக்கும் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டலாம்.

ஒப்பிட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே வாழ்க்கையைத் தனியே பார்த்தால் எல்லாமே அதிசயமாகத் தெரியும். ஒப்பீட்டுக்கு நான் எடுப்பவர் 2024-இல் மறைந்த ஜிம் சைமன்ஸ். கணித மேதை, ரகசியக் குறியீடுகளை உடைக்கும் அமைப்பில் வேலை செய்து, வியட்நாம் போரை எதிர்த்ததால் 1968-இல் வெளியேற்றப்பட்டவர். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவராக இருந்து, 1978-இல் சந்தைக்கு வந்து, 1982-இல் ரெனைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார். அதன் மெடாலியன் நிதி, கணினி கண்ட விலைத் தடங்களை வைத்து மட்டுமே வாங்கி விற்றது. கூலி 5 சதவீதமும் லாபத்தில் 44 சதவீதமும் வரை போயிற்று. ஹோன் நிர்வாகத்தோடு சண்டையிட்டார். சைமன்ஸுக்கு நிர்வாகி யாரென்றே தெரிய வேண்டியதில்லை. கொடையும் அப்படியே வேறுபட்டது: 1994-இல் மனைவி மரிலினோடு தொடங்கிய அறக்கட்டளை அடிப்படை அறிவியலுக்குக் கொடுத்தது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உள்ள ஆய்வு மையம் ஒன்று சைமன்ஸ் பெயரில் இயங்குகிறது. 2023-இல் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கு 50 கோடி டாலர் கொடுத்தார்கள். இதே ஏட்டின் இடப்பக்கத்தில், 2021-இல் நிறுவனத்தார் நீண்ட வரித் தகராறைத் தீர்க்க அமெரிக்க வரித் துறைக்குப் பெருந்தொகை செலுத்த ஒப்புக்கொண்டதையும் எழுத வேண்டும். அரசுக்கு வர வேண்டிய வரியும் அறிவியலுக்குப் போன கொடையும் ஒரே பணப்பையிலிருந்து புறப்பட்டவை.

கடைசியாகச் செய்ய வேண்டியது, எழுதியதைத் தொழில் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுவது. சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் கட்டுரையை எங்கள் கடைத் திண்ணையில் படித்தபோது, மலைக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போய்வரும் அம்மா ஒருவர், சம்பள பாக்கி வாங்க வந்தவர், கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும், "அந்த ஆளு நட்டப்பட்ட வருசம் அந்தப் புள்ளைகளுக்கு யாரும்மா குடுத்தா?" என்றார். மாணவியிடம் பதிலில்லை. 2008-இன் சரிவை எழுதியிருந்தாள். அறக்கட்டளையிடம் தனியே மூலதனம் சேர்ந்திருக்கிறது, கொடை அதிலிருந்து போகிறது, நிதியின் அந்தந்த ஆண்டு லாபத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதை எழுதவில்லை. அன்றைக்கே நோட்டைப் பிரித்து, இடப்பக்கத்து 2008-க்கு நேர் எதிரில் காலியாக இருந்த வரியில் அதை எழுதினாள்.